பருத்திமார் எரித்த ஆடி

1934 ஜூலை 21

பருத்தி அதிகாரியின் ஆள் இன்றும் வந்தான். ஆகஸ்ட் முதல் தேதிக்குள் பஞ்செடுத்து முடிந்த செடியை, அந்தப் பருத்திமாரை, வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் தண்டுக்குள் இருக்கும் வண்டு அடுத்த வெள்ளாமைக்கும் வந்துவிடுமாம். கூரை வீட்டுக்குப் பக்கத்திலோ, காற்றடிக்கும்போதோ எரித்தால் அதற்கும் வழக்கு. ஆடி மாதத்தில் பல்லடத்துப் பக்கம் காற்றடிக்காத நாளை இந்த மனுஷன் எங்கே பார்த்தான்? வாய்வரை வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார், அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 24

சாந்தாமணிக்குக் காய்ச்சல். கண்ணே திறக்கவில்லை.

ஜூலை 26

அம்மைதான். ஆறு வயசுக் குழந்தை, முகமெல்லாம் முத்து. என் வீட்டுக்காரரின் அக்கா நாச்சியம்மாள் வந்து வேப்பிலை கட்டி, கலசம் வைத்தார். "மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் ஆத்தா இந்த ஊட்லதான் இருக்கறா அம்மிணி. பொகை ஆகாது. புள்ளைய வாசப்படி தாண்ட உடாதே."

தோட்டம் வீட்டுக்கு மேற்கே. காற்றும் மேற்கே இருந்துதான் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 29

செடியைப் பிடுங்கிக் குவித்தாயிற்று. தவணை கேட்க இவர் பல்லடம் போய் வந்தார். கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் போன வருஷம் செடியை எரிக்காமல் விட்டுக் கோர்ட்டுக்கு அலைந்ததையே இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவருக்குத் தீயைவிடக் கோர்ட்டுதான் பயம்.

ஜூலை 31

நாளை எரிப்பதாக முடிவு. விடியலில் காற்று தணியும் என்கிறார். இன்று தணிந்ததா? பிள்ளையை அங்கப்பன் வீட்டில் விட்டுவிடலாம் என்றேன். அக்கா சாமி வந்தவர்போல் கத்தினார். இவர் குவியலைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3

எழுத வரவில்லை.

முந்தாநாள் விடியலில் முதல் குவியலெல்லாம் அடங்கித்தான் எரிந்தது. கடைசிக் குவியலில் காத்து எழும்பிப்போச்சு — ஒரே ஊதல். தீப்பொறி கூரைமேல் விழுந்ததைப் பார்த்தேன். பிள்ளையைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு வடக்கே கிணற்றடிக்கு ஓடினேன். "அக்கா, வாங்க! வாங்கக்கா!"

வாசலில் நின்றார். "ஆத்தாளைத் தனியா உட்டுப்போட்டு எப்படி வாரது? நீ போ கண்ணு." உள்ளே போய்விட்டார். பனையோலைக் கூரை, நிமிஷத்தில் அவர்மேலேயே சரிந்தது.

இழுத்துக்கொண்டு வந்திருக்கலாமே? ஒரு கையாவது — இல்லை. ரெண்டு கையிலயும் புள்ளை.

ஆகஸ்ட் 12

அங்கப்பன் வீட்டில் வைத்து மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. சாந்தாமணி எழுந்து நடக்கிறாள்.

மத்தியானம் அதிகாரியே வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு தண்டுகூட இல்லை. நல்லது" என்றார். பிறகு கருகிய சுவரைக் காட்டி, "இது எப்படி?" என்று கேட்டார்.

"அடுப்புத் தீங்க. எங்கக்கா பாக்காம உட்டுப்போட்டாங்க" என்றார் இவர். குரல் பிசகவேயில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சாந்தாமணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க" என்றேன்.