ஒரே பூசையில் இருமுறை

பாகியோ
27 நவம்பர் 1988

அன்புள்ள மனாங், என் இலுமினாடா அக்காவுக்கு,

வில்மா எழுதுவது. நானும் கிளாரிட்டாவும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன தடவை கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்த்தீர்களா, இல்லை வழக்கம்போல மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, கேட்டால் தீர்ந்துபோச்சு என்று சொல்லப் போகிறீர்களா?

இங்கே குளிர் எலும்பு வரை போகிறது. எங்கள் ஜாம் கூடத்தில் மட்டும் வேர்க்கிறது. கிறிஸ்துமஸ் திருநாள் வருகிறதென்று மணிலாக்காரர்கள் மலையேறி வந்து பாட்டில் பாட்டிலாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஊதாக் கிழங்கை விடாமல் கிண்டிக் கிண்டி என் வலது கை இடது கையைவிடத் தடித்துவிட்டது. முதலாளியம்மா ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறாள். எப்படியும் இருபத்திரண்டாம் தேதி பஸ்ஸில் நாங்கள் ஏறிவிடுவோம்.

பள்ளிக்கூட நாடகத்தில் கிளாரிட்டா சம்மனசு. இறக்கை செய்ய வெள்ளைக் கோழி இறகு வேண்டுமாம். உங்கள் கோழிகள் மொட்டையாகாத அளவுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள். கண்டக்டர் ரூபனிடம் கொடுத்தால் போதும். கடிதத்தையும் இறகையும் அவர் பத்திரமாகச் சேர்ப்பார், வழியில் பிரித்துப் படிக்காமல் இருந்தால்.

இன்னொன்று. நேரில் கேட்கத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். வருகிற ஜனவரியோடு கிளாரிட்டாவின் அப்பா, உங்கள் தம்பி ஆர்செனியோ போன கப்பல் காணாமல் போய் இரண்டு வருஷம். அதில் போன மற்றவர்களின் வீடுகளில் எல்லாம் ஆத்தும சாந்திக்குப் பூசை வைத்துவிட்டார்கள். இந்தத் திருநாளில் நம் வீட்டிலும் அவருக்காக ஒரு பூசை வைத்தால் என்ன, மனாங்? கோபிக்காமல் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,
வில்மா


பாசுக்கின்
3 டிசம்பர் 1988

அன்பு அடிங் வில்மா,

தங்கச்சி, உன் கடிதம் கிடைத்தது. இறகு இத்துடன் வருகிறது. சேவலிடம் கேட்டு வாங்கினேன், அது சந்தோஷமாகக் கொடுக்கவில்லை. என் கையில் கொத்தின தழும்பைக் கிளாரிட்டா வந்து பார்க்கட்டும்.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அறுப்பு முடிந்தது. பசையரிசி இடித்து வைத்துவிட்டேன். துப்பிக் பலகாரம் சுட வாழை இலையைப் பக்கத்துவீட்டுப் பெட்ராவின் தோட்டத்தில் சொல்லி வைத்தாயிற்று. அவள் போன வருஷம் கிழிந்த இலையாகப் பார்த்துக் கொடுத்தாள், இந்த வருஷம் நானே போய் வெட்டப் போகிறேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். நட்சத்திர விளக்குக்கு மூங்கில் பிளந்தாயிற்று, ஒட்டுவது உங்கள் இருவர் வேலை. கீழ்ச்சுவருக்கு மட்டும்தான் சுண்ணாம்பு பாக்கி.

பூசை விஷயம். படித்தேன். மறுபடியும் படித்தேன். எங்கள் அம்மா போனபோது ஆர்செனியோ கைக்குழந்தை. என் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. நான் வளர்த்த பிள்ளை. அவன் செத்திருந்தால் என் உடம்புக்குத் தெரியாதா? உடல் வந்ததா? ஒரு செருப்பாவது கரை ஒதுங்கியதா? எடுத்ததைக் கடல் எங்கேயாவது திருப்பிப் போட்டுவிடும். போடவில்லையென்றால் அது எடுக்கவில்லை. மற்ற வீடுகளுக்கு அவசரம். எனக்கு இல்லை.

திருநாளுக்கு முந்தின ஒன்பது விடியல் பூசைக்கும் வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டேன், கடலில் இருப்போர் நலமாய்த் திரும்ப வேண்டும் என்று. அவன் பெயர் ஒன்பது நாளும் கோயிலில் கேட்கும்.

ரூபன் ஒன்று சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். சந்தைப் பக்கம் ஒரு ஜீப்பில் முன்சீட்டில் நீ உட்கார்ந்து போனாயாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அடிங். பின்சீட்டில் உட்கார்.

இலுமினாடா


பாகியோ
9 டிசம்பர் 1988

அன்புள்ள மனாங்,

இறகு வந்தது. கிளாரிட்டா தூங்கும்போதுகூட இறக்கையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். சேவலுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நேற்று கொதிக்கிற கிழங்கு தெறித்து மணிக்கட்டில் பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை, எழுத்துதான் கோணலாகிறது. அந்த ஜீப், கடைகளுக்கு ஜாம் பெட்டி ஏற்றிப்போகிற ஜீப். பின்சீட்டில் பெட்டிகள் இருந்தன, எனக்கு இடம் இல்லை. ரூபனிடம் அதையும் சொல்லுங்கள்.

பூசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்களோடு வாதாட எனக்கு வாய் கிடையாது. ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். வந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அதுவரை என்மேல் கோபம் வேண்டாம்.

வெல்லம், ஜாம், கம்பளிச் சால்வை எல்லாம் கட்டி வைத்துவிட்டேன்.

வில்மா


பாசுக்கின்
16 டிசம்பர் 1988

வில்மா,

நீ செய்த காரியத்தை உன் வாயால் கேட்கும் பாக்கியம் எனக்கு இல்லை. பங்குச் சாமியார் வாயால் கேட்டேன், ஊரோடு சேர்ந்து.

இன்று முதல் விடியல் பூசை. கோயில் நிரம்பி வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். சாமியார் ஊருக்குப் புதுசு, யார் எந்த வீடு என்று தெரியாது. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கிற மனுஷன். கடலில் இருப்போர் நலமாய்த் திரும்ப என்று வாசித்தார், ஆர்செனியோ மடாம்பா. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அடுத்த மூச்சில் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார். ஆர்செனியோ மடாம்பா. அதே பெயர், அதே குரல். எனக்கு முன்னால் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

பூசை முடிந்து, கருத்துச் சீட்டு வாங்குகிற கோயில்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். "பாகியோவிலேருந்து தபால்ல வந்துச்சு. கையெழுத்து உங்க தம்பி பொஞ்சாதியோடது" என்றான். கோயிலிலேயே கொஞ்சநேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. நான் வீடு சேருவதற்குள் வாசலில் கட்டையைப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள்.

ஆமாம், சாவு விழுந்த வீட்டு வாசலில் எரிக்கிற கட்டை. செய்தி வந்துவிட்டது, அதனால்தான் பெயரை வாசிக்கிறார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பெட்ரா காப்பிச் சட்டியோடு என் அடுப்பங்கரையில் நிற்கிறாள். திருநாளுக்கு வைத்திருந்த பசையரிசியை எவளோ எடுத்து ஊறப்போட்டுவிட்டாள், துக்க வீட்டில் ராத்திரி விழித்திருக்க வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்ய. ஆண்கள் பெஞ்சு தூக்கி வருகிறார்கள். பெட்ரா என்னைக் கட்டிக்கொண்டு, "அழு இலுமினாடா, ரெண்டு வருசமா அடக்கி வச்சது போதும்" என்றாள். "உடம்பு எந்தக் கரையில கெடச்சுது?" என்று கேட்டாள்.

சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு வாளிதான் கைக்கு அகப்பட்டது. அதைத் தூக்கி நெருப்பில் ஊற்றினேன். எல்லோரும் எழுந்து போனார்கள். பெட்ராவின் பாவாடையில் பாதி சுண்ணாம்பு.

நான் உயிரோடு வைத்திருந்தவனை நீ தபாலில் கொன்றாய். இந்தத் திருநாளுக்கு நீ வர வேண்டாம். பிள்ளையை வேண்டுமானால் ரூபனோடு அனுப்பு.

இலுமினாடா


பாகியோ
18 டிசம்பர் 1988

மனாங்,

உங்களிடம் சொல்லாமல் எழுதி அனுப்பினது தப்பு. அந்தத் தப்புக்கு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். கோயிலில் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. ஆனால் பூசை கேட்டது தப்பென்று என்னால் சொல்ல முடியாது. ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன், அதன்பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் சரி.

நவம்பர் மாதம் நாடகத்துக்கு உடை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வருவார், நாடகம் பார்ப்பார் என்று உங்கள் பேச்சை அப்படியே நானும் சொன்னேன். கிளாரிட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, அப்பா உசிரோட இருந்தா ஏன் வரல? நம்மள அவருக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "செத்துப்போயிருந்தா பரவால்ல. அப்போ அவர்மேல தப்பில்ல" என்றாள்.

எட்டு வயசு, மனாங். நீங்கள் உயிரோடு வைத்திருக்கிற ஆர்செனியோ, அவளைப் பொறுத்தவரை எங்களை விட்டுவிட்டுப் போன ஆள். வேறு துறைமுகத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிற ஆள். நம் ஆர்செனியோ அப்படிப்பட்டவரா? பிள்ளை மனசில் அவர் நல்லவராக இருக்க வேண்டுமென்றால் அவர் செத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது ஜீப். நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். அதை ஓட்டுகிறவர் பெயர் டெல்ஃபின். மனைவியை இழந்தவர். முன்சீட்டில் என்னை உட்காரச் சொன்னவர் அவர்தான், பின்னால் இடம் இருந்தது. போன கடிதத்தில் பொய் எழுதினேன். என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் ஆர்செனியோ இல்லை, நீங்கள்தான்.

அவர் வீட்டுப் பெரியவர்கள் முறைப்படி பெண் கேட்டு வர வேண்டும் என்கிறார்கள். எங்கே வரச் சொல்வேன்? என் அப்பா அம்மா இல்லை. ஜாம் கூடத்துக்கு மேலே இருக்கிற வாடகை அறைக்கா? நான் மணப்பெண்ணாக வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். அவர்கள் ஏற வேண்டியது உங்கள் வீட்டுப் படி. உட்கார வைத்து, இழுத்தடித்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் கொடுப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீங்கள்.

முடியாது என்றால் நான் அவருக்கும் முடியாது என்றே சொல்லிவிடுவேன். பழியை உங்கள்மேல் போட மாட்டேன். கிளாரிட்டாவை மட்டும் தனியாக அனுப்ப மனசில்லை. வரச் சொன்னால் இருவரும் வருகிறோம்.

வில்மா


பாசுக்கின்
24 டிசம்பர் 1988, காலை

அன்பு அடிங் வில்மா,

இதை ரூபன் கையில் கொடுத்து, ராத்திரிப் பூசைக்கு முன்னால் உன்னிடம் சேர்க்காவிட்டால் இந்த ஊரில் அவனுக்குக் காப்பி கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்தபிறகு மூன்று நாளும் விடியல் பூசைக்குப் போனேன், வந்தேன். கோயில்பிள்ளை பயந்துபோய் உன் கருத்தை எடுத்துவிட்டான்போல. ஆர்செனியோவின் பெயர் கடல் பயணக்காரர்களோடு மட்டும்தான் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் வரும்போது, அப்போ ஏன் வரல, ஏன் வரல என்று பிள்ளையின் குரல்தான் காதில் கேட்டது. என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் வருவான் என்றிருந்த வரையில் நீ என் தம்பி பெண்டாட்டி. கிளாரிட்டா என் தம்பி மகள். அவன் இல்லை என்று ஆகிவிட்டால் நீ யார், நான் யார்? கதவைத் திறந்து விட்டால் எல்லோரும் போய்விடுவீர்கள், இந்த வீட்டில் நான் மட்டும்தான் மிச்சம். எனக்கு அந்தப் பயம். கடலைப் பற்றி நான் பேசினதில் பாதி இந்தப் பயம்தான், அடிங். நீ எழுதியிருக்கிறாய், ஏற வேண்டியது என் படி என்று. அந்த வரியைப் பெட்ராவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சுண்ணாம்புப் பாவாடையை மறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இன்று கடைசி விடியல் பூசை. முன்னாலேயே போய்ச் சாமியாரைப் பார்த்தேன். "அந்தப் பேரை இன்னைக்கு ஒரு தரம் வாசிச்சாப் போதும் சாமி. ஆத்துமாக்களோட" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருத்தி எழுதினார். வாசித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டையை நானே போட்டேன், நானே கொளுத்தினேன். புகை வந்ததும் ஊர் வந்தது. இதை எழுதும்போது கீழே பெஞ்சுகளை இழுக்கிற சத்தம் கேட்கிறது. திருநாளும் துக்கமும் ஒரே அடுப்பில் வேகின்றன. துப்பிக்கைச் சுடுவதா வேண்டாமா என்று பெண்கள் சண்டை போட்டார்கள். அவனுக்குப் பிடித்ததுதானே, சுடுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் முதல்தடவையாக அழுதேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் இருவரும் ஏறி வாருங்கள். கிளாரிட்டாவிடம் நான் சொல்லவேண்டியதை நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

அந்த மனுஷன் வீட்டாரை ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து வரச் சொல். வெறுங்கையோடு வந்தால் படி ஏற விட மாட்டேன். முதல்தடவை வந்ததும் சரி என்று சொல்ல மாட்டேன், அது நம் வீட்டுக்கு மரியாதை இல்லை. இரண்டாம்தடவை பார்க்கலாம். அந்த ஜீப் யாருடையது, குடிக்கிறவரா, செத்த மனைவியின் வீட்டாரோடு இன்னும் பேச்சு உண்டா, எல்லாம் கேட்பேன். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

துக்கம் ஒரு வருஷம் காக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். இன்றுதான் பெயர் வாசித்தது, இன்றுதான் கட்டை எரிந்தது, ஆகவே இன்றிலிருந்து ஒரு வருஷம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். நீ கறுப்பு உடுத்த வேண்டாம். இரண்டு வருஷமாக நீ துக்கத்தில்தான் இருந்தாய், நான்தான் இருக்கவிடாமல் செய்தேன். உன் வருஷம் முடிந்துவிட்டது. என் வருஷம் இன்றைக்கு ஆரம்பிக்கிறது.

அவர்களிடம் முன்னாலேயே சொல்லி வை. கதவைத் திறக்கிறவள் கறுப்பு உடுத்தியிருப்பாள், சிரிக்கவும் மாட்டாள். பயந்துகொண்டு படியிலேயே நின்றுவிட வேண்டாம். உள்ளே வரட்டும்.

இலுமினாடா