குப்பைக் கூடையில் கிடந்த ஊசி

அன்புள்ள என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் குமட்டுகிறது. நீ நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை நீ, அதனால் இதை எழுதி அண்ணனிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். நேற்று போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நோயாளிக்குப் போட்ட ஊசிக்கு மூடி மாட்டும்போது விரலில் குத்திவிட்டது, சீனியர் அக்கா "கழுவிட்டு வேலையப் பாரு, வெளிய சொன்னா உனக்குத்தான் கெட்ட பேரு" என்றாளாம். நர்ஸிங் படிக்க வந்த பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது, தூ!

அப்பாவின் காலில் தகரம் கிழித்துவிட்டது என்று இன்று காலை தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். நுழைந்ததுமே நாற்றம். கைகழுவும் தொட்டியில் ரத்தப் பஞ்சு, அதன் மேலேயே யாரோ குடித்துவிட்டு வைத்த டீ டம்ளர். உன் வயது நர்ஸ் ஒருத்தி ஊசி மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள், அப்பாவுக்குப் போட்டாள், அப்படியே குப்பைக் கூடையில் எறிந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், பெருக்குகிற பெண் வந்து குப்பையைக் கையால் அமுக்கி, ஐயோ என்று அலறினாள். உள்ளங்கையில் அந்த ஊசி. நர்ஸ் என்ன சொன்னாள் தெரியுமா, "கத்தாதீங்கக்கா, டாக்டர் காதுல விழுந்தா என் வேலை போயிடும்." சீ, குத்துப்பட்டவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானே அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அப்பாவும் கூடவே வந்தார். அங்கே டாக்டர் முதலில் கேட்டதே, யாருக்குப் போட்ட ஊசி என்றுதான். அந்தப் பெண் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? வீட்டுல பால்குடிக்கிற குழந்தை இருக்குங்கய்யா" என்றாள். அப்பாவின் கோபம் உனக்குத் தெரியும், வெடிப்பார் என்று பயந்தேன். அவரோ சட்டைக் கையை மடித்து, ரத்தம் எடுக்க நீட்டினார். அவர் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்ததும் அவள் உட்கார்ந்து அழுதாள், இவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போது சொல், உன்னைக் குத்தியது யாருக்குப் போட்ட ஊசி? அந்த நோயாளி வீட்டுக்குப் போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பாய்? ரத்தம் வழியாக நோய் ஒட்டாமலிருக்க மருந்து தேவைப்பட்டால் உடனே ஆரம்பிக்க வேண்டுமாம், தள்ளிப்போட்டால் பலன் குறையுமாம். கெட்ட பேர் வந்தால் வரட்டும், இதைப் படித்த கையோடு உங்கள் தலைமை நர்ஸ் மேட்ரனிடம் போய்ச் சொல். போட்ட ஊசிக்கு மூடி மாட்டாதே, அதற்கான கெட்டி டப்பாவில் போடு, டப்பா இல்லாவிட்டால் வாய்விட்டுக் கேள். நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயசு இருக்கணும் கண்ணு. சாயங்காலத்துக்குள் "சொல்லிட்டேம்மா" என்று உன் குரல் வரவில்லையென்றால் நாங்களே கிளம்பி வருகிறோம். அப்பா பையை எடுத்து வாசலில் வைத்தாயிற்று, கட்டுப்போட்ட காலோடு உன் மேட்ரன் முன்னால் வந்து நிற்பார்.

கோபம் ஆறாத,
உன் அம்மா