வீட்டில் எத்தனை பேர்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

மூத்த பேரன் கனடாவில் எஞ்சினியர். அவன் தங்கை யாழ்ப்பாணத்தில் நேர்ஸ். சின்ன மருமகள் சுகந்தி பின்னேரங்களில் ஊர்காவற்றுறைக்குப் போய் ஜெர்மன் படிக்கிறாள். சோதனையில் சித்தியடைந்தால்தான் அவளும் குழந்தையும் ஜெர்மனியில் இருக்கும் என் மகனிடம் போகலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் குசினியில் சமைத்தபடி அவளிடம் கேள்வி கேட்பவள். ஜெர்மன் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருக்கிறாள். பதில்களும் எனக்குப் பாடம்.

இன்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். இதுவரை மகனையும் என்னையும் சேர்த்து "ஃபியர்", நாலு, என்றவள் "ட்ரை" என்றாள். மூன்று.

"பிழை பிள்ளை, நாலெல்லோ?"

"அங்கை இருக்கப்போற ஆக்களைத்தான் சொல்லோணுமாம் மாமி. ரீச்சர் திருத்தினவ." சிரித்தாள். "உங்களையே சோதனைக்கு அனுப்பலாம் போல கிடக்கு!"

நானும் சிரித்தேன். பிறகு திரும்பி நின்று அரிசியைக் கழுவினேன்.

அவள் சித்தியடைய வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தவள் நான்தான். ஆனால் இந்த வீட்டுக் கதவை இரவில் நான் ஒருத்தி பூட்டுவதை நினைக்க ஏலாமல் இருக்கிறது. கிணற்றடியில் விழுந்து கிடந்தால் யார் வந்து பார்ப்பது? அவளிடம் சொல்லமாட்டேன். சொன்னால் படிப்பை விட்டுவிடுவாள்.

போனதும் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு, பிள்ளை. மூன்று பேரும் நிற்கிற படம்.