உன் சைக்கிளின் முன்சக்கரம்

என் சின்னிக்குட்டியே,

உன்னை அடக்கம் செய்து வந்த பிறகு எனக்கு உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. உன் சைக்கிள் விடவில்லை. அடுப்பை அணைத்தால் சைக்கிள், பாத்திரம் கழுவினால் சைக்கிள். இப்போது என் கையைப் பார்த்தால் கொல்லன் கை என்பாய்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரித்துக்கொள். இதைச் சபைப் பத்திரிகையில் போடலாம் என்று உபதேசியார் சொல்லியிருக்கிறார். போடட்டும். பேறுகாலம் பார்க்கப் போன நர்ஸ் கரமனைப் பாலத்து இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து செத்தாள் என்றதும், பொம்பளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்டார்களே, அவர்களும் படிக்கட்டும்.

ஊராரைச் சொல்லி என்ன? நம் அண்ணன்தான் முதலில் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அந்த இறக்கத்துல சவுட்ட அவளுக்குத் தெரியல்லே, அவ்வளவுதான்" என்றார். எத்தனை மழையில், எத்தனை இருட்டில் நீ அந்த இறக்கத்தில் போய் வந்திருக்கிறாய்! மிதிக்கத் தெரியவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த காப்பிச் செம்பைத் தரையில் குத்தி வைத்தேன். அதற்குமேல் அன்றைக்கு என்ன செய்ய முடியும்?

மறுவாரம் பழைய இரும்பு எடுப்பவனைக் கூட்டிவந்துவிட்டார். யுத்தம் நடக்கிறதல்லவா, இரும்பு என்றால் பறக்கிறார்கள். நான் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றேன். "இது பாக்கியத்துக்கு" என்றேன். ஆஸ்பத்திரியில் உன் இடத்துக்கு வந்திருக்கிறாளே, அந்தப் பாக்கியம்தான். கோயில் வளவில் நீயே ஓட்டப் பழக்கிவிட்ட பிள்ளை. இப்போது வீடுவீடாக நடக்கிறாள்.

"வளைஞ்ச சக்கரத்த வச்சு அவ என்ன செய்வா, தலையில சுமப்பாளா?" என்றார் அண்ணன்.

"நான் நேராக்குவேன்."

"நீயா? சரிட்டி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வரும்போ அது உருளணும். இல்லேன்னா இரும்புக்காரன் வருவான்."

சக்கரத்தைக் கழற்றித் தம்பானூர்ச் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மேஸ்திரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "புது ரிம் எங்கேயும் கிட்டாது சேச்சி. யுத்தம் தீரணும்" என்றான். கோட்டம் எடுத்துத் தா என்றேன். எடுத்தால் ஒடியும், ஆள் செத்த வண்டி, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று கையைத் துடைத்துக்கொண்டான். கெஞ்சிக் கேட்டதில் கம்பி முறுக்குகிற சாவியை மட்டும் தந்தான். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்கு என்றான். அவ்வளவுதான் பாடம்.

அதையாவது கேட்டபடி செய்தேனா? இல்லை. அந்தக் கம்பிகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. நமக்குத் தெரிந்தது ஓலைதானே, சின்னி. ஓலைப்பாய் முடையும்போது மூலை தூக்கிக்கொண்டால் அம்மை என்ன செய்வாள்? தண்ணீர் தெளித்து, மேடான இடத்தில் கல்லை ஏற்றுவாள். விடிந்தால் பாய் தரையோடு படிந்திருக்கும். நானும் ரிம்மின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, ஈரச்சாக்குப் போட்டு, அம்மிக்கல்லை உருட்டி ஏற்றிவைத்தேன். காலையில் கல்லை எடுத்தேன். மேடு அப்படியே இருந்தது. கூடவே எதிர்ப்பக்கம் இன்னொரு மேடு.

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். "என்ன பிள்ளே, சக்கரத்துக்குக் காய்ச்சலா? ஈரத்துணி போட்டிருக்கே" என்றார். நீ இருந்திருந்தால் நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய். எனக்கு அம்மிக்கல்லைத் தூக்கி அவர் காலில் போடலாம் போல இருந்தது.

பிறகுதான் சாவியை எடுத்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மாட்டி, ஒரு ஈர்க்குச்சியின் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சுற்றினேன். எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே சுண்ணாம்பு ஒட்டியது. அந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கோட்டம் கூடியது. இன்னும் இறுக்கினேன். சக்கரத்தைத் தாங்குகிற போர்க்குக் கவையில் இடித்து நின்றேவிட்டது. சாவியைக் கிணற்றடியில் விட்டெறிந்தேன். பிறகு நானே போய்ச் சேற்றில் தேடி எடுத்தேன்.

ஒரு பகல் முழுக்கப் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மேலே நிற்கிற கம்பியை இறுக்க எந்தப் பக்கம் திருப்புகிறேனோ, கீழே தொங்குகிற கம்பியை அதே பக்கம் திருப்பினால் அது தளர்கிறது. பாதிக் கம்பியை இறுக்கி, பாதியைத் தளர்த்தியிருக்கிறேன்! அதன்பிறகு எந்தக் கம்பியானாலும் சக்கரத்தைச் சுற்றி உச்சிக்குக் கொண்டுவந்து திருப்பினேன். இதை ஒரு நாளாவது எனக்குச் சொல்லித் தந்தாயா நீ? சனிக்கிழமைதோறும் முற்றத்தில் குந்தியிருந்து கம்பியைத் திருப்புவாயே. "அக்கா, ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி" என்று கேட்டதைத் தவிர வேறென்ன பேசினாய்?

சில கம்பிகள் அறுந்து போயிருந்தன. அதற்குப் பதில் கம்பி கேட்டு மறுபடியும் மேஸ்திரியிடம் போனேன். பழைய கம்பிகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "அறுந்த முனையப் பார்த்தீங்களா சேச்சி? விழுந்ததுல அறுந்ததுன்னா முனை வெள்ளிபோல மின்னும். முன்னமே அறுந்து கிடந்ததுன்னா துரு ஏறியிருக்கும். கம்பி இல்லாம இறக்கத்துல போனா யார் சவுட்டினாலும் சக்கரம் மடங்கும். அதுல பொண்ணு, ஆணு இல்ல" என்றான்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன், சின்னி. அண்ணன் வாயை அடைக்க ஒரு கம்பி போதுமே. சாக்கை உதறி அறுந்த கம்பிகளைத் தேடி எடுத்தேன். எல்லா முனைகளும் ஒன்றுபோலச் செக்கச்செவேல் என்று துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றுகூட மின்னவில்லை. ஆனாலும் அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டினேன். "பாருங்க, முன்னமே அறுந்திருக்கு. அவ சவுட்டினதுல குத்தமில்ல" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஒரு குடம் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஈரச்சாக்குல வச்சது நீதானேட்டி" என்றார்.

 உனக்காகப் பேச இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே நனைத்துக் கெடுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தால் பாதி, எரிச்சலால் பாதி.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் வந்தாள். சக்கரம் உருண்டது. முழுக்க நேராகவில்லை. சுற்றுக்கு ஒரு தரம் ஓரிடத்தில் பிரேக்குக் கட்டையில் "உர்" என்று உரசுகிறது. எத்தனை முறை திருப்பியும் அந்த "உர்" போகவில்லை. அந்தப் பிள்ளை ஏறி உட்கார்ந்து, "இருக்கட்டும் அக்கா, மணி அடிக்க வேண்டாம், ஆள் விலகிக்கொள்ளும்" என்றாள். அண்ணன் வாசலில் நின்றார். இரும்புக்காரனை வரச்சொல்லவில்லை. அவள் தெருமுனை தாண்டும்போது மட்டும், "எம்மா, இறக்கத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ!" என்று சத்தம் போட்டார். உன்னிடம் ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கிறாரா?

நீ அன்று புறப்பட்டுப் போனாயே, கரமனை வீடு, அங்கே தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்களாம். பாக்கியம்தான் வந்து சொன்னாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிச் சனிக்கிழமைதோறும் அந்தச் சைக்கிள் நம் முற்றத்துக்கு வரும். ஒவ்வொரு கம்பியையும் உச்சிக்குக் கொண்டுவந்து விரலால் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன். அறுந்த கம்பியோடு ஒரு பெண்ணை அந்த இறக்கத்துக்கு விடமாட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் அந்த "உர்" போல உரசிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குக் கூப்பிட வந்த ஆள் வாசலில் நிற்க, நீ பையை மாட்டிக்கொண்டு, முன்சக்கரத்தை ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். பிறகு ஏறிப் போய்விட்டாய்.

உன் கூடப்பிறந்த அக்கா கேட்கிறேன்: கம்பி அறுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாயா, சின்னி?