துடைத்த பழங்கள்

நாள் 212. காலை 7.10
செவ்வாய்க் கோள், வடக்குக் கூடாரம். பதிவு: தவசிக்கனி, பயிர்நோய் ஆய்வாளர். கொய்யா மரங்கள் 84. ஆள் நான் ஒருத்திதான்.
நோய் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்த பழங்கள் 30. பூஞ்சை வித்து இல்லை. தோலில் ஈரம் இருந்தால் கருவி உளறும் என்பதால் துடைத்துத்தான் வைக்கிறேன். பழத்துக்கு ஒரு புதுத் தாளால் ஒற்றினால் போதும் என்கிறது கையேடு. அப்படிக் கிழித்துப் போட எனக்கு மனம் வராது. பருத்தித் துண்டு போதும்.
தெற்குக் கூடாரத்துக்கு வண்டியில் ஒரு பெட்டி பழம் அனுப்பினேன். அங்கே 63 பேர். என் மகள் செவ்வந்தியும் அங்கேதான். அங்கே தோப்பைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்துவிடம் தாள் தீர்ந்துவிட்டதாம். என் துண்டுகளில் நான்கை உதறி மடித்துப் பெட்டியிலேயே வைத்தேன்.

நாள் 215. மதியம் 1.05
மூன்றாம் வரிசைப் பழங்களில் கரும்புள்ளி. கருவியோ வித்து இல்லை என்கிறது. மறுபடி துடைத்து வைத்தேன். இல்லை. இதற்குக் கண் அவிந்துவிட்டதா?

நாள் 217. காலை 9.30
ஐம்பது மரம் போய்விட்டது. வெளியே புழுதிப் புயல். நண்பகலில் சில நிமிடம்தான் தொடர்பு.
பதற்றத்தில் ஒரு பழத்தைத் துடைக்காமல் வைத்துவிட்டேன். கருவி அலறியது. பிறகு துண்டையே வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போயிற்று.
கருவி சரிதான். வித்துகளையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு வெறும் தோலைக் காட்டியிருக்கிறேன். அதே துண்டோடு மரம் மரமாகப் போயிருக்கிறேன். பாவி, நானேதான் பரப்பினேன்.

நாள் 217. பகல் 12.02
அனுப்பியது, மூன்று முறை: "முத்து, தவசி பேசுறேன். பெட்டியத் திறக்காத. துண்ட எரிச்சிரு. கேக்குதா?"
பதில் இல்லை. அடுத்த உணவுக் கப்பல் வரப் பதினான்கு மாதம். தெற்குத் தோப்பும் போனால் அவர்கள் பட்டினிதான். பயமாக இருக்கிறது. செவ்வந்திக்கு ஆறு வயது.

நாள் 218. பகல் 12.04
வந்தது: "எக்கா, நேத்து நீங்க பேசுனது ஒண்ணும் வெளங்கல, ஒரே இரைச்சல். பெட்டி அன்னைக்கே வந்துட்டு. துண்டு பெரிய உதவி. அஞ்சு நாளா அதாலதான் எல்லா மரத்துப் பழத்தையும் தொடச்சுப் பாக்கேன். ஒரு வித்துகூட இல்ல. செவ்வந்தியும் ஒரு துண்ட எடுத்துக்கிட்டு என்கூடவே தொடச்சுக்கிட்டுத் திரியுதா."
கத்தினேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

12.09
மறுபடி அனுப்புகிறேன்: இங்கே ஒரு மரமும் மிச்சமில்லை. யார் காதில் இது விழுந்தாலும் தெற்குக் கூடாரத்துக்குச் சொல்லுங்கள். கருவி பொய் சொல்லவில்லை. துடைக்காதீர்கள். செவ்வந்தி, அம்மா சொல்றேன், அதக் கீழ போடு. துடைக்கா