ஆற வேண்டாத காயம்

ஜனவரி 19, திங்கள்
காலையில் பனி. காய்ச்சல், கால் வீக்கம். கொழும்பு வீட்டுவேலையிலிருந்து பொங்கலுக்கு வந்தவள் நான், சும்மா கிடந்திருக்கலாம். அப்பாவோடு ரப்பர் மலைக்குப் போய், பால் வெட்டும் கத்தி வழுக்கி, என் கெண்டைக்காலில் ஆழமாக வெட்டு. அப்பா மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து ரப்பர் பாலைத் தொட்டுப் பூசினார். இங்கே எல்லாரும் செய்வதுதான். காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளே சீழ்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா இன்று காய்ந்த பாலை உரித்தெடுத்தார். உயிர் போய் வந்தது.

"மேல மூடிட்டா ஆறிட்டதா? அடியிலேருந்து சதை வளந்து வரணும். அதுவரைக்கும் வாய் தொறந்தே இருக்கணும்."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பாவம்.

கேகாலை பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. என் அடையாள அட்டை கொழும்பு வீட்டு எசமானி, அந்த நோனாவிடம். அட்டை இல்லாமல் ஆமி செக்பொயின்ட் தாண்டுவது யார்? பொங்கலுக்கு வந்தது தரகர் வேனில், அதை மறிக்க மாட்டார்கள்.

ஜனவரி 22, வியாழன்
வெயில். காலை நீட்டியே இருக்க வேண்டும். அரிசி புடைத்தேன். டிஸ்பென்சர் ஐயா தினமும் காயக் குழிக்குள் மருந்துத் துணி திணிக்கிறார். விரல் நுனி போகும் ஆழம். நல்லது. இப்படியே இருக்கட்டும்.

என்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகர் ஆள் அனுப்பிக் கேட்டாராம், பொண்ணு எப்ப வருதுன்னு.

அந்த வீட்டு நோனா புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போனாலும் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். ஒருநாள் சமையலறையெல்லாம் புகை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தினேன். ஒருத்தரும் வரவில்லை. அம்மாவிடம் சொன்னால், "பெரிய வீட்டுல அப்படித்தான் பூட்டுவாங்க. அனுசரிச்சுக்க புள்ள."

நான் போக மாட்டேன். இதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. புகைக் கதையைக் கேட்டதிலிருந்து அப்பா மட்டும் என் முகத்தையே பார்க்கிறார்.

ஜனவரி 28, புதன்
தூறல். பால்வெட்டு இல்லை. குழியில் சிவப்பாகப் புதுச் சதை, மாதுளை முத்து மாதிரி.

"நல்ல ரத்தம் உனக்கு," என்றார் டிஸ்பென்சர் ஐயா. சந்தோஷம் அவருக்கு. எனக்கு வயிற்றெரிச்சல். யார் கேட்டது இந்த உடம்பை?

துணி துவைக்கிற சவர்க்காரம் தீர்ந்தது. அம்மாவுக்கு ஞாபகப்படுத்த.

பெப்ரவரி 3, செவ்வாய்
துணி திணிக்க இடமில்லை. ஓரத்துத் தோல் நடுவுக்கு வந்துவிட்டது. அரிப்பு.

அம்மா: "சாமி கண்ணைத் தொறந்துட்டாரு." கால் ஆறிவிட்டதென்று தரகருக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார்.

பெப்ரவரி 7, சனி
நல்ல வெயில். தரகர் வரும் நாள். அம்மா தண்ணீருக்குப் பீலிக்குப் போனதும் அப்பா சிரட்டையோடு வந்தார். அடியில் கொஞ்சம் பால். ஆறிய தழும்பின் மேல் பூசினார். அதன் மேல் மஞ்சள், அடுப்புக்கரி தூவினார். காய்ந்ததும் சீழ்ப்புண்ணேதான். பழந்துணி சுற்றினார்.

"இன்னும் ஆறலைன்னு நான் சொல்லிக்கிறேன். நீ நொண்டி நொண்டி வா, புள்ள."

அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அழுதுவிட்டேன்.

தரகர் வந்தார். வாசலில் அப்பாவின் குரல்: "காலு ஆறலைங்க. நடக்க முடியல."

"வரச் சொல்லுங்க, பாப்போம்."

எழுந்தேன். தரகர் என்ன கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்தபடியே வாசல்வரை போய்விட்டேன். நேராக. நொண்ட மறந்துபோனேன்.

"சரி சரி, ஜோரா நடக்குதே," என்றார் தரகர். அப்பா தரையைப் பார்த்தார்.

திங்கள் காலை தரகரின் வேன் வரும், கொழும்புக்கு.

துணிக்கட்டை அவிழ்த்துப் பாலை உரித்தேன். வலிக்கவே இல்லை.