ஓடக்காரன் வந்தாச்சு

லாப்ரியா, புருஸ் ஆற்றங்கரை
மார்ச் 1908

என் கண்ணு நஜ்லாவுக்கு,

அம்மா வர்தே எழுதுகிறேன். இங்கே உன் அப்பா உட்பட எல்லோரும் சுகம், அங்கே கடல் தாண்டி நம் ஊர் ஸஹ்லேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க புனிதர் மார் எலியாஸ் துணையிருக்கட்டும். அதென்ன ‘உன் அப்பா உட்பட’ என்று கேட்பாய். சொல்கிறேன், முதலில் உட்கார், குழந்தையை யாரிடமாவது கொடு. மனுஷர் இப்போதும் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருக்கிறார், பயப்படாமல் படி.

ஆறு நிறைந்து ஓடும்போதுதான் அவர் படகில் காட்டுக்குள் போய்த் துணியும் உப்பும் கத்தியும் கொடுத்து ரப்பர் உருண்டைகளை ஏற்றிவருவார், உனக்குத் தெரியாததா. இந்தத் தடவை திரும்பி வரும்போது வெள்ளத்தில் வந்த பெரிய மரம் ஒன்று மோதிப் படகு இரண்டாய்ப் பிளந்துவிட்டது மகளே! படகோட்டி செஃபெரினோ மட்டும் நீந்திக் கரையேறி வந்து வாசலில் நின்று, “முதலாளிய தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு அக்கா, என் கண்ணால பாத்தேன்” என்று அழுதான்.

அந்த உருண்டைகளில் அப்பா சூடு போடுகிற குறி நினைவிருக்கிறதா? அரபியில் உன் பெயரின் முதல் எழுத்து நூன், ஒரு கிண்ணம், மேலே ஒரு புள்ளி. நம் எழுத்து இவர்களுக்கு எங்கே தெரியும், ஓடத்தில் ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள், அதனால் நம் சரக்குக்கே ஓடக்காரன் என்று பேர். ரப்பர் மிதக்குமல்லவா, மறுநாள் காலையிலேயே துறையில் ஒரே கூச்சல், “ஓடக்காரன் வந்தாச்சு! வர்தே அக்கா, ஓடக்காரன் வந்தாச்சு!” என்று. நான் கையில் மாவோடு, காலில் செருப்பில்லாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு ரப்பர் உருண்டை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன, குறியைப் பார்த்துப் பார்த்து மீன்காரர்கள் ஒன்றுவிடாமல் கொண்டுவந்து போட்டார்கள், நல்லாயிருக்கணும் அவர்கள். ஆனால் ஒவ்வொரு கூச்சலுக்கும் நான் ஓடுவதும் வெறுங்கையாய்த் திரும்புவதும்தான். பக்கத்து வீட்டு ஜெனோவேவா, “ஏ துருக்கிக்காரி, சரக்கே வழி கண்டுபிடிச்சு வருது, உன் புருஷன் வரமாட்டாரா? அந்த ஆளு உன்கிட்ட திட்டு வாங்காம சாவாரா?” என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் கஞ்சி ஊட்டினாள். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த எல்லோருமே இவர்களுக்குத் துருக்கிக்காரர்கள்தானே.

வெள்ளிக்கிழமை மறுபடியும் “ஓடக்காரன் வந்தாச்சு!” என்று கத்தினார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! அடுப்படியை விட்டு எழுந்திருக்காமல், “எனக்கு ஓடக்காரனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், ஆத்துலயே போடுங்க” என்று கத்தினேன். வாசலிலிருந்து, “என்னடி, வேண்டாம்னா திரும்பிப் போயிடவா?” என்று ஒரு குரல்.

உன் அப்பா! தாடியும் கொசுக்கடியுமாய், பாதி உடம்பாய், ஒரு உருண்டையைக் கட்டிப்பிடித்தபடி! வெள்ளக்காட்டில் மரத்தைப் பிடித்துத் தொங்கியவர், மிதந்து வந்த இந்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மீன்காரர் தூக்கும்வரை கிடந்தாராம். “நஜ்லா என் கைய விடல வர்தே” என்றார். நான் முதலில் அவரை அடித்தேன், பிறகுதான் அழுதேன்.

சரக்கு வாங்க வந்த கம்பெனிக்காரன் வழக்கம்போல எடை கூட்ட உள்ளே கல் வைத்திருக்கிறோமா என்று எல்லாவற்றையும் பிளந்து பார்த்தான். அப்பா கட்டிப்பிடித்து வந்த இந்த உருண்டையைத் தொட்டதும் அவர் குறுக்கே விழுந்து, “என் பொண்ணு வயித்துல கத்தி வைப்பியா?” என்று ஆட, அவன் ஓடியே போய்விட்டான். இப்போது அது நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, பாதிரியார்கூட வாசலோடு போய்விடுகிறார்.

அங்கே பனி கொட்டும், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, மாப்பிள்ளையிடம் வாய்க்கு வாய் பேசாதே. ஒன்று மட்டும் மறக்காதே, “அந்த உருண்டைய வித்துடுங்க அப்பா” என்று அவருக்கு ஒரு வரி எழுது, நீ சொன்னால்தான் கேட்பார்.

வேண்டாம், எழுதாதே. நேற்று அவர் துறைக்குப் போயிருந்தபோது நானும் ஒரு தடவை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான்.

மூன்று பேரும் நூறாண்டு நிறைவாய் வாழுங்கள்.

உன்னை நினைத்தபடியே,
அம்மா வர்தே